அடுக்கில் ஐந்து புத்தகம் அதிகம்

ஒவ்வொரு புத்தகமாகச் சந்தனம் வைத்துக்கொண்டே வந்த சரண்யாதேவியின் விரல், பன்னிரண்டாவது புத்தகத்தில் நின்றுவிட்டது.

பழுப்பு அட்டை போட்ட புத்தகம். அவள் அட்டை போட்டதெல்லாம் வெள்ளைத் தாளில். பிள்ளையின் கண்ணை உறுத்தக் கூடாதென்று நான்கு கடை ஏறி இறங்கி வாங்கிய தாள்.

அன்று சரஸ்வதி பூஜை. விடிந்தால் விஜயதசமி. ஊரிலுள்ள பள்ளிக்கூடமெல்லாம் ஜூனில் திறந்தால் திறந்துகொள்ளட்டும், கோச்சடையில் இந்த மாடி வீட்டுப் பள்ளிக்கூடம் விஜயதசமிக்குத்தான் திறக்கும். மாணவி ஒருத்திதான். பெயர் தமிழ்வாணி, வயது பதினொன்று. சொல்லிக் கொடுப்பதும் ஒருத்திதான், அவளைப் பெற்றவள்.

அந்த ஒருத்திக்காக ஒரு மாதமாக வீட்டையே புரட்டிப் போட்டிருந்தாள். டிவியைக் கழற்றிக் கொழுந்தன் வீட்டுக்கு அனுப்பியாயிற்று. டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்த கடிகாரம் சமையலறைக்குப் போனது. காலிங்பெல் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். காலை ஆறு மணிக்கு மேல் மிக்ஸி ஓடக் கூடாது. ஹாலுக்கு வெளிர் நீலத்தில் பெயிண்ட், ஜன்னலுக்குக் கனத்த திரை, கீழே புதுக் கோரைப்பாய். பால்காரர்கூட இப்போதெல்லாம் கதவை விரல் நுனியால்தான் தட்டுகிறார்.

போன வருடம் பிள்ளை இருந்த இருப்பு அப்படி.

ஐந்தாம் வகுப்பில், பதிமூன்றாம் வாய்ப்பாட்டில் திக்கியதற்காக, நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் முட்டி போட வைத்தார்கள். அன்றோடு வாயை மூடியவள் பத்து நாள் திறக்கவே இல்லை, அதன் பிறகும் ஒற்றை வார்த்தைதான். காலாண்டு லீவு முடிந்து கிளம்பச் சொன்னால், பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அன்றைக்கே சரண்யாதேவி தன் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளையின் டி.சி.யையும் வாங்கி வந்துவிட்டாள்.

இப்போதுதான் பேச்சு திரும்பியிருக்கிறது. மெதுவாக, இரண்டிரண்டு வார்த்தையாக. அது மறுபடி போய்விடக் கூடாது. அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியது அவ்வளவுதான்.

பழுப்பு அட்டைப் புத்தகத்தைத் திருப்பினாள்.

லேபிளில் பள்ளிக்கூடத்தின் பெயர் அச்சாகியிருந்தது. எந்தப் பள்ளியிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றிக் கூட்டி வந்தாளோ, அதே பள்ளி. கீழே, 'சி. தமிழ்வாணி, ஆறாம் வகுப்பு'.

அதற்கடியில் இன்னும் நான்கு.

அட்டை போட்ட கை யாருடையது என்று கேட்கவே வேண்டாம். மூலையை இரண்டாக மடித்து உள்ளே செருகுவது அவள் கணவன் சிவபாண்டியின் வழக்கம். அவள் பெயிண்ட் அடிக்கும்போது ஒரு வாரம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷன். நீலம் நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னான். கூடவே நின்று கழுத்தை அறுத்திருக்கிறான்.



செல்லூரில் தன் ஒர்க் ஷாப் பூஜையை முடித்துவிட்டு, பொரிகடலைப் பொட்டலத்தோடு அப்போதுதான் படியேறி வந்தான் சிவபாண்டி. அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான். பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

"அட்மிஷன் போட்டாச்சு, லீவு முடிஞ்சு ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள சொல்லிரலாம்னுதான் இருந்தேன் சரண்யா. ஒர்க் ஷாப்புலதான் வச்சிருந்தேன், இவதான் பூஜைக்கு வைக்கணும்னு அழுது வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டா."

அழாமல் என்ன செய்வாள்? பூஜையில் வைக்காத புத்தகம் மண்டையில் ஏறாது என்று வருடா வருடம் அவளுக்குச் சொல்லி வந்தது சரண்யாதேவிதான்.

சரஸ்வதியை ஏமாற்ற மட்டும் பிள்ளைக்கு மனம் வரவில்லை. அம்மாவை ஏமாற்ற வந்திருக்கிறது. புருஷன் செய்ததைக்கூட ஒரு நாள் பொறுத்துக்கொள்ளலாம், இதை அவளால் பொறுக்க முடியவில்லை. லேபிளில் இருந்த கையெழுத்து தமிழ்வாணியுடையது. ஒரு எழுத்துக்கூட நடுங்கவில்லை.

தெருவில் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் பூசணிக்காய் உடைத்தார்கள். ஸ்பீக்கர் அலறியது. தமிழ்வாணி கனத்த திரையை விலக்கிவிட்டு, ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரண்யாதேவி அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் முன்னால் உட்கார வைத்தாள். மறுபடியும் அந்தப் பள்ளிக்கூடமா, அத்தனை பேர் முன்னால் முட்டி போட்டதெல்லாம் மறந்துபோய்விட்டதா என்று கேட்டாள்.

பிள்ளை அப்பாவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அதன் பிறகு அவளே சொன்னாள். இந்த ஒரு வருடத்தில் ஒரே மூச்சில் அவள் இவ்வளவு பேசியதில்லை.

"மறக்கலம்மா. ஆனா இப்ப அங்க போறதுக்கு எனக்குப் பயமில்ல. நீதான் இப்ப அங்க இல்லையே."

போன வருடம் அந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சராக இருந்தவள் சரண்யாதேவி. சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஸ்டாஃப் ரூமில் யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதென்று, அன்றைக்கு வாய்ப்பாட்டில் திக்கிய ஏழு பேரில் அவளை மட்டும்தான் முட்டி போட வைத்தாள்.