ஒப்புதல் கொடுத்தவர்

கல்லூரி இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி, மாணவர் சேர்க்கை நின்றுபோனது. முதல்வர் தேடிப்பிடித்து, கல்லூரிகளுக்கான மலிவு விலைச் சான்றிதழ் ஒன்றை வாங்கினார். ஒப்புதல் கேட்கும் மின்னஞ்சல், போன வருடம் இறந்துபோன கணினி நிர்வாகியின் முகவரிக்குப் போய்விட்டது.

அவரிடம் உதவியாளராக இருந்து அவர் இடத்துக்கு வந்தவள், அந்த ஒப்புதலைக் கொடுக்க, பூட்டிக் கிடந்த அவருடைய அறையைத் திறந்தாள். அவருடைய கணினியில் ஒப்புதல் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தது. கீபோர்டு முழுக்க எச்சில். விரலை நக்கி நக்கித் தட்டுவது அவர் வழக்கம். அப்போதே அவளுக்குக் குமட்டும்.

முதல்வருக்குப் போன் செய்தாள்.

"சார், கீபோர்டெல்லாம் எச்சில்..."

"சீ! சர்டிபிகேட் வந்துடுச்சுல்ல? தொடச்சிட்டு வேலையப் பாரும்மா."

மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தாள். ஈரம் துணியைத் தாண்டி விரலில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.