ஆசான் பெயர்

விண்ணப்பப் பாரத்தில் 'ஆசான் பெயர்' என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. கேட்டதற்கு, யூடியூப் பார்த்துப் பழகியதாகச் சொன்னாள் அந்தப் பெண்.

"யூடியூப்ல பாத்து ரசம் வைக்கலாம், கம்பு சுத்த முடியாதுலா," என்று சிரித்தார் யுகேந்திரன். புந்தோங்கில் சிலம்பப் போட்டிக்கு ஆள் எடுப்பவர் அவர்தான்.

தாப்பா ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்த தினேஸ்வரி, கம்பை இடது கையில் எடுத்தாள்.

சுழன்ற கம்பு கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. யுகேந்திரனின் தேர்ந்த மாணவர்கள் மூன்று பேர் எதிரே போனார்கள்; மூவரும் கம்பைப் பறிகொடுத்துத் திரும்பினார்கள். யுகேந்திரன் அவளருகே வந்தார்.

"பொறக்கும்போதே இடக்கைப் பழக்கமா, தங்கச்சி?"

"இல்ல மாஸ்டர், எனக்கு எல்லாமே சோத்துக்கைதான். வீடியோவுல சொல்லிக் குடுத்தவரு இடக்கையில சுத்துனாரு. மாத்தலாமான்னு கேக்க ஆளில்ல. கை படியவே ரெண்டு வருஷமாச்சு."

"யாரு அந்த மடையன்? அவன் பேர எழுத வேண்டியதுதானே?"

"கேக்காம எப்படி எழுதுறது மாஸ்டர்?" தயங்கியபடி கைப்பேசியை நீட்டினாள்.

திரையில் யுகேந்திரனே கம்பு சுற்றிக்கொண்டிருந்தார். கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது செல்ஃபி கேமராவை வைத்து அவரே எடுத்துப் போட்ட பாடம். பனியனில் இருந்த எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருந்தது. அவருடைய வலது கை இடது கையாகியிருந்தது.

யுகேந்திரன் ஒரு கம்பை எடுத்துத் தன் இடது கையில் சுற்றிப் பார்த்தார். இரண்டாவது சுற்றிலேயே அது நழுவித் தரையில் உருண்டது.

அதை அவர் குனிந்து எடுக்கவில்லை. பேனாவை எடுத்து, அவளுடைய பாரத்தில் ஆசான் பெயர் என்ற இடத்தில் 'தினேஸ்வரி' என்று எழுதினார்.