நூறாவது கையெழுத்து

எழுந்துவிட்டாள்.

எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பந்தலின் கடைசியில், வாடகைக்குக் குடியிருக்கும் பெண்களோடு பெண்ணாய்த் தரையில் உட்கார்ந்திருந்தவள். இப்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிறாள். கிராம சபை மொத்தமும் திரும்பிப் பார்க்கிறது.

ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லவேண்டும். மூன்று நாளாக அரிசி களையும்போதும் துணி அலசும்போதும் முணுமுணுத்துப் பழகியது.

ஆஸ்பத்திரிக் குப்பையை எரிக்கிற உலை ஒண்ணுக்கே எம்பொண்ணு மூச்சு வுட முடியாம கெடக்குதுங்க, ரெண்டாவது வேணாங்க.

அவ்வளவுதான். உட்கார்ந்துவிடுவாள்.

வாயைத் திறப்பதற்குள் ஊராட்சி செயலர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீ எந்த ஊரும்மா?”

நல்ல கேள்வி கேட்டார் போங்கள். பதினோரு வருஷமாக இந்த ஊர்தான். இதே தெருவில் நாலு வீடு மாறியாயிற்று. பெண் பிறந்தது இங்கே. அதற்கு முதன்முதலாக மூச்சு இரைத்து, ராத்திரியெல்லாம் மடியில் உட்காரவைத்துக் கிடந்ததும் இங்கேதான்.

ஆனால் ஓட்டு விழுப்புரம் பக்கம். ரேஷன் அட்டையும் அங்கேதான். சாவியைக் கையில் கொடுக்கும்போதே எல்லா வீட்டுக்காரர்களும் சொல்லிவைத்தாற்போல் சொல்லுவார்கள். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. தண்ணீரைப் பார்த்துப் புழங்கவேண்டும். இந்த விலாசத்தில் எந்த அட்டையும் வாங்கக்கூடாது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருந்தாள். வீடு கிடைத்ததே பெரிசு.

முன்வரிசை நாற்காலியிலிருந்து துளசிங்கம் திரும்பினார். அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். அந்தக் குப்பை எரிக்கும் ஆலைக்கு இடம் விட்டிருப்பவரும் அவர்தான். டவுனுக்குக் குடிபோய் ஆறு வருஷம் ஆகிறது, இன்றைக்குக் காரில் வந்திருந்தார்.

“நம்ம வீட்ல வாடகைக்கு இருக்கிற பொண்ணு சார் அது,” என்றார். “ஒக்காரும்மா. ஊர்க்காரங்க பேசட்டும்.”

உட்கார்ந்தாள். காது இரண்டும் பற்றி எரிந்தன. பக்கத்தில் இருந்தவள் அவள் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள்.

ஊர்க்காரர்கள் பேசினார்கள். பையன்களுக்கு வேலை கிடைக்கும் என்றார் ஒருவர். ரோடு போட்டுத் தருவதாக ஆலைக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். புகை மேலேதானே போகிறது, அதனால் யாருக்கு என்ன என்று கேட்டார் துளசிங்கம்.

அவர் மூச்சு விடுவது டவுனில்.

பேச்சு முடிந்ததும் செயலர் வருகைப் பதிவேட்டை எண்ணினார். விரலை நக்கிக்கொண்டு மறுபடியும் எண்ணினார். முகம் சுண்டிப்போயிற்று. நூறு கையெழுத்து இல்லாவிட்டால் கூட்டமே செல்லாது. தொண்ணூற்றொன்றுதான் இருந்தது.

தலைவர் செயலரைப் பார்த்தார். செயலர் துளசிங்கத்தைப் பார்த்தார். துளசிங்கம் மெல்லத் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்.

அங்கே ஒன்பது பெண்கள் இருந்தார்கள்.

செயலர் தாமே நடந்து வந்தார். குனிந்து, பதிவேட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

“அக்கா, நீங்களும் போடுங்க. நீங்களும் இந்த ஊர்தான?”

அக்காவாம். அரைமணி நேரத்துக்கு முன்னால் எந்த ஊர் என்று கேட்ட வாய்.

ஆனால் அவளுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. நெஞ்சு குளிர்ந்துவிட்டது. சொல்ல விடவில்லை, சரி. பெயரையாவது எழுதிக்கொள்கிறார்களே. பெயர் இருந்தால் நாளைக்கு ஒரு வார்த்தை கேட்டுத்தானே ஆகவேண்டும்? அப்படி நினைத்தாள். பாவி, அப்படித்தான் நினைத்தாள்.

எட்டுப் பேர் போட்டார்கள். கடைசியாக அவள்.

கிறுக்கவில்லை. எழுத்து எழுத்தாக எழுதினாள். ச. செங்கேணி. பக்கத்தில் விலாசத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. பேனா ஒரு கணம் நின்றது. நிமிர்ந்து வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

துளசிங்கம் சிரித்தார். எழுது எழுது என்று தலையாட்டினார்.

பதினான்கின் கீழ் மூன்று, பள்ளிக்கூடத் தெரு.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்தபோது காலே தரையில் பாவவில்லை. சாயங்காலம் தெருக்குழாயில் யாரோ முண்டியபோதுகூட, “நானும் இந்த ஊர்தாம்மா,” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து ஊராட்சி அலுவலகச் சுவரில் தீர்மானத்தை ஒட்டினார்கள்.

பள்ளிக்கூடம் விட்டுப் பெண்ணை அழைத்து வரும் வழி. பெண் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எட்டிப் பார்த்துப் படித்தது. ஐந்தாம் வகுப்பு. எதைக் கண்டாலும் உரக்கப் படிக்கும்.

“இரண்டாவது எரி உலை அமைக்க... கிராம சபை... ஏகமனதாக ஒப்புதல் அளிக்கிறது.”

நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டது.

“கூட்டம் செல்லுபடியாகத் தேவையானவர்கள் நூறு. கையெழுத்திட்டவர்கள் நூறு.”

கீழே கையெழுத்துகளை நகலெடுத்து ஒட்டியிருந்தார்கள். பெண்ணின் விரல் வரிசையாக இறங்கிக்கொண்டே வந்தது. கடைசி வரியில் நின்றது.

“அம்மா, நூறாவது நீதாம்மா! ஒன் கையெழுத்து! நம்ம வீட்டு நம்பர்கூட இருக்குது.” குதித்தது. குதித்ததில் இருமல் வந்தது. இருமலோடு கேட்டது. “அப்ப நாம இந்த ஊருதானம்மா?”

அவள் அந்த வரியையே பார்த்தாள். எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள்.

பையைத் துழாவி இன்ஹேலரை எடுத்தாள். குலுக்கினாள். பெண்ணின் வாயில் வைத்து அழுத்தினாள். முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

அப்புறம் சுவரைப் பார்த்து, ஒரு சொல் பிசகாமல், உரக்கச் சொன்னாள்.

“ஆஸ்பத்திரிக் குப்பையை எரிக்கிற உலை ஒண்ணுக்கே எம்பொண்ணு மூச்சு வுட முடியாம கெடக்குதுங்க, ரெண்டாவது வேணாங்க.”

அலுவலகம் பூட்டியிருந்தது.

பெண் சுற்றுமுற்றும் பார்த்தது.

“யார்கிட்டம்மா சொல்ற?”