சூலத்தடியில் டச்சுக் காசு

மலேசியாவில் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டம் எப்போதோ போய்விட்டது. மிஞ்சியது முனீஸ்வரர் கோயில்தான். அதையும் இடித்து வீடு கட்ட வந்த கம்பெனியைப் போன வருஷம் ஒரு காசு தடுத்து நிறுத்தியது. முந்நூறு வருஷத்துக்கு முந்திய டச்சுக் காசு. சூலத்தை மாற்றி நடத் தோண்டியபோது, லாரி ஓட்டும் தனேஸ்வரன் கையில் கிடைத்தது. பழைய பொருள் கிடைத்த இடம் என்று அரசாங்கம் வேலி போட்டது. கோயில் தப்பித்தது.

இன்று ஆராய்ச்சிக் குழுவிலிருந்து நிரோஷா வந்திருந்தாள்.

"ஈயம் வாங்க வந்த டச்சுக்காரங்க கடலோரத்த விட்டு இவ்வளவு உள்ள வந்தாங்கன்னு இந்தக் காசை வெச்சுத்தான் கட்டுரை எழுதியிருக்கோம். இனி முழுசா தோண்டிப் பாக்கணும். கோயில வேற இடத்துக்கு மாத்திடுங்க ஐயா."

பூசாரி கார்த்திகேசு பதறினார். "எங்கம்மா மாத்துறது? எங்க பாட்டன் நட்டு வெச்ச சாமிலா!"

"மேலிடத்து உத்தரவு ஐயா." அவள் தனேஸ்வரன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, சரியா எந்த இடத்துல எடுத்தீங்க?"

அவன் பூசாரியைத் திரும்பிப் பார்த்தான்.

"காட்டுடா. நீ என்ன செய்வே பாவம்?" என்றார் பூசாரி. "அந்தக் காசை இங்க போட்டுட்டுப் போனான் பாரு, அவன் விளங்குவானா?"

தனேஸ்வரன் முனீஸ்வரரின் முகத்தைப் பார்க்காமல் சூலத்தின் அடியைக் காட்டினான்.

மலாக்காவில் பழைய சாமான் கடையில் வாங்கிவந்து, கோயிலைக் காப்பாற்ற அவன் அந்தக் காசைப் புதைத்த இடம் அது. இப்போது உண்மையைச் சொன்னால், நாளைக்கே கம்பெனியின் புல்டோசர் திரும்பி வரும்.