நாலாவது கணக்கு

தாளில் எண்ணே இல்லை.

அவள் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறும் வெள்ளை.

நாலு கணக்குகள். முதல் மூன்றில் அவளுக்குப் புரிந்த ஒரே சொல், நிறுவுக.

சுற்றிலும் பதினேழு பேர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்படி என்னதான் எழுதுகிறார்களோ.

குடியாத்தத்தில் வெயில் நூற்றெட்டு டிகிரி. ஏற்காட்டில் பத்து நாள், தங்க இடமும் சாப்பாடும் இலவசம், உயர்கணிதப் பயிற்சி என்று பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. உறையில் எஸ். இலக்கியா, பதினொன்றாம் வகுப்பு என்று அவள் பெயர்தான் இருந்தது. பத்தாவதில் கணக்கில் நாற்பத்தொன்று வாங்கியவளை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. காலையில் ஒரு மணி நேரம் கணக்கு இருக்கும். அப்புறம் ஏரியில் படகு.

படகு இல்லை.

நாலாவது கணக்கு மட்டும் மனிதர்களைப் பற்றி இருந்தது. ஒரு கூட்டத்தில் எத்தனை பேர் இருந்தாலும், அந்தக் கூட்டத்துக்குள் ஒரே எண்ணிக்கையில் நண்பர்கள் உள்ள இருவராவது இருப்பார்கள் என்று நிறுவுக.

அவள் கை தூக்கினாள்.

"இது பொய்யா இருக்கே சார்."

பதினேழு தலைகள் நிமிர்ந்தன.

பேராசிரியர் வேதநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியா? அப்ப பொய்னு காட்டும்மா."

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் எண்ணிப் பார்த்தாள். ஆளுக்கொரு மூலை. தட்டுக்குப் பக்கத்தில் தாள். யாரும் யாருடனும் பேசவில்லை.

எல்லோருக்கும் பூஜ்ஜியம்.

கணக்கு சரிதான். அவளுக்குக் கோபம் வந்தது.

மாலைக்குள் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்தாள். ஊர் கேட்டாள். ஊறுகாய் கொடுத்தாள். இவரை அவரிடம் அழைத்துப் போனாள். நோட்டில் பெயர்களை எழுதி, யாருக்கு எத்தனை நண்பர்கள் என்று குறித்துக்கொண்டாள். எல்லோருக்கும் வேறு வேறு எண் வந்துவிட்டால் கணக்கு பொய்.

மறுநாள் கூடத்தில் ஒரே சத்தம். சமையற்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நோட்டில் ஜெரினுக்கு ஆறு. முகேஷுக்கும் ஆறு.

முகேஷை இன்னொருவனோடு சேர்த்துவிட்டாள். ஏழு ஆனான். ஏழில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள்.

பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றுவதா, தொட்டுக்கொண்டு சாப்பிடுவதா என்று ஜெரினையும் முகேஷையும் மோதவிட்டாள். இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். ஆளுக்கொன்று குறைந்தது. குறைந்த இடத்திலும் ஆள் இருந்தது.

எங்கே தொட்டாலும் இரண்டு பேர்.

மூன்றாம் நாள் மாலை முடிவுக்கு வந்தாள். பதினெட்டுப் பேருக்கும் வேறு வேறு எண் வேண்டுமென்றால் பூஜ்ஜியம் முதல் பதினேழு வரை ஒன்றுகூட விடாமல் வேண்டும். பதினேழு அவளே. எல்லோரும் அவளுக்கு நண்பர்கள்.

பூஜ்ஜியத்துக்கு ஓர் ஆள் வேண்டும்.

ஓசூர் சிந்துஜா அதிகம் பேசாதவள். அவளிடம் போனாள்.

"சிந்து, எனக்காக ஒரு உதவி பண்ணு. இனிமே யாரோடயும் சேராத."

சிந்துஜா யோசித்தாள். கணக்குக்காக என்றால் அவள் எதற்கும் தயார்.

"சரி. உன்னோட கூடவா?"

இலக்கியா நோட்டில் தன் பெயருக்கு நேரே இருந்த பதினேழைப் பார்த்தாள்.

எல்லோருக்கும் நண்பியாக ஒருத்தி இருக்கும் இடத்தில், யாருக்குமே நண்பியாக இல்லாத இன்னொருத்தி எப்படி இருப்பாள்?

பதினெட்டுப் பேர். பூஜ்ஜியமோ பதினேழோ ஒன்று போனால், மிச்சம் பதினேழு எண்கள்தான்.

"ஐயோ, உண்மைதான் போல" என்றாள்.

மறுநாள் காலை எழுத உட்கார்ந்தாள். குறியீடு எதுவும் தெரியாது. நடந்ததை நடந்தபடி, பெயர் போட்டு எழுதினாள். கடைசி வரியில் இருக்கும்போது வாசலில் ஒரு பெண் பெரிய பையோடு வந்து நின்றாள். பின்னால் அவளுடைய அப்பா.

எஸ். இலக்கியா. அதே பள்ளி, கணிதப் பிரிவு. கடிதம் தவறி வணிகவியல் பிரிவில் இருக்கும் இவளுக்குப் போய்விட்டது. தேர்வாகவில்லை என்று ஒரு வாரம் அழுதிருக்கிறாள். கண்ணிமை இன்னும் வீங்கியிருந்தது.

பதினேழு தலைகள் மறுபடி நிமிர்ந்தன.

"பத்தரைக்குச் சேலம் பஸ் இருக்கும்மா" என்று முகாம் பொறுப்பாளர் இவளிடம் மெதுவாகச் சொன்னார்.

முதல் நாளே யாராவது வந்து இதைச் சொல்லியிருந்தால் ஓடியே போயிருப்பாள். இப்போது கடைசி வரியை எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அந்தப் பெண்ணின் கழுத்தில் போட்டாள். பெயரை மாற்ற வேண்டிய வேலை இல்லை.

பேராசிரியர் இவள் எழுதிய தாளை எடுத்தார். நின்றபடி படித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தார்.

"சால்னா தேவையில்ல" என்றார். "மத்ததெல்லாம் சரியா இருக்கு."

ஜெரினும் முகேஷும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வந்த பெண்ணால் பொறுக்க முடியவில்லை. பையை வைத்துவிட்டு, பேராசிரியரின் தோளுக்குப் பின்னாலிருந்து அவளும் படித்தாள். பாதியில் விரலை வைத்தாள். வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இந்த ரூம்ல ஜீரோ யாரு?"

இவள் பெஞ்சில் மறுபடி உட்கார்ந்து, நகர்ந்து இடம் விட்டாள்.

"இப்ப வரைக்கும் நீதான்."

பத்தரை மணிப் பேருந்தில் அந்தப் பெண்ணின் அப்பா மட்டும் மலையிறங்கினார்.