பானைக்கு அடியில்

நோர்வேயில் எங்கள் முதல் குளிர்காலம். எனக்கு ஏழு வயது. இனி வரமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, அம்மா ஒரு காலையில் பெட்டியோடு பனிக்குள் இறங்கிப் போனார். மத்தியானம் பனி மறுபடி கொட்டி, அவருடைய காலடிகளை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியது. நான் ஓடிப்போய், வாசற்படியருகே மிஞ்சியிருந்த தடத்தின்மேல் சோற்றுப்பானையைக் கவிழ்த்துவைத்தேன்.

வேலை முடிந்து வந்த அப்பா, "பானை எங்கை பிள்ளை?" என்று கேட்டார். வெளியே கைகாட்டினேன். முழங்காலளவு பனியைக் கையாலேயே விலக்கிப் பானையைத் தூக்கினார். அம்மாவின் வலது சப்பாத்துத் தடம், குதிகாலோடு அப்படியே இருந்தது.

அப்பா குனிந்தபடியே நின்றார். பிறகு பானையை மெல்லப் பழையபடி கவிழ்த்தார்.

"இண்டைக்குப் பாண் சாப்பிடுவம்."

பனி கரையும்வரை எங்கள் வீட்டில் சோறு சமைக்கவேயில்லை.