பூஜையில் வைத்த பாஸ்போர்ட்

ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மனைவி தவமணி, தன் அடி தாங்காமல் ஓடிவிடக் கூடாதே என்று, அவள் பாஸ்போர்ட்டை அலமாரியில் பூட்டியே வைத்திருந்தான் கன்னையா.

சரஸ்வதி பூஜையன்று, மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு மீனலோசனி ஆன்டி வந்தார்.

"புத்தகம், சர்டிபிகேட், பாஸ்போர்ட் எல்லாத்தையும் சாமிகிட்ட வை தம்பி. ஒன்னு மறைச்சாலும் உன் புரமோஷன் கோவிந்தாதான் லா!"

கன்னையா பயந்துபோய் எல்லாவற்றையும் அடுக்கினான். ஆன்டி மஞ்சள் துணியால் மூடினார்.

"நாளைக்குக் காலையில பூஜை முடியிற வரைக்கும் தொடக் கூடாது."

காலையில் தவமணியைக் காணோம். 'பாஸ்போர்ட் இல்லாமல் எங்கே போய்விடுவாள்?' என்று சிரித்தபடியே கற்பூரம் காட்டித் துணியை விலக்கினான். பாஸ்போர்ட் இரண்டில் அவனுடையது மட்டுமே இருந்தது.

பக்கத்து வீட்டுக்கு ஓடினான். "ஆன்டி! தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

தவமணியைப் பெண்கள் காப்பகத்தில் விட்டுவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த ஆன்டி, காரைப் பூட்டினார்.

"உனக்குத்தான் சொன்னேன் லா. இனிமே அவளையும் தொடக் கூடாது!"